சுண்டெலியின் குருதியும் செத்த மாடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதலே மரபு. குறளையும் சிலம்பையும் விரித்துரைக்க வல்லார் பலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு புகைவண்டி நிலையத்தில் சரக்குப் பதிவேடு எழுதிவரும் யாம், சுண்டெலியின் குருதியைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். தலைவர் அவர்கள் தலைப்பை அறிவித்தபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பொலி எம் செவியிலும் விழுந்தது. சிரித்து முடித்தபின் கேளுங்கள். இது நம் வீட்டுக் கொல்லையைப் பற்றிய செய்தி.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வூர் எவ்வாறு பிழைத்துவருகின்றது என்பதை உங்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இளையோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் வண்டியேறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். வீட்டில் இருப்போருள் சிலர் ஒரு பசுவையோ இரண்டு வெள்ளாட்டையோ வாங்கிக் கட்டியிருக்கின்றனர். கோலார் மாவட்டம் பாலுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற மாவட்டம் அன்றோ! பழைய லைன் வீட்டின் பின்புறத்தில் நிற்கும் அந்த ஒற்றைப் பசு, பல குடும்பங்களுக்கு வங்கியும் அதுவே, ஓய்வூதியமும் அதுவே.

சென்ற மழைக்காலத்தில் எம் தெருவில் அத்தகைய பசு ஒன்று மாலையில் பால் கறந்தது. விடியலில் இறந்து கிடந்தது. வயிறு ஊதியிருந்தது, மூக்கின் ஓரத்தில் குருதி கசிந்திருந்தது. அப்பசுவை உடையவர் கணவனை இழந்த ஓர் அம்மையார். செய்தி பரவிய ஒரு மணி நேரத்திற்குள் தோலுக்கும் இறைச்சிக்குமாக விலை பேச இருவர் வந்துவிட்டனர். அவர்கள் கூறிய தொகை பெரிதன்று. ஆயினும் அம்மையாரின் அன்றைய நிலையில் அது சிறிதும் அன்று. அவ்வேளையில் கால்நடை மருத்துவர் வந்து சேர்ந்தார். பசுவின் காதில் ஊசியால் குத்தி ஒரு துளிக் குருதியை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டார். உடலை ஒருவரும் கத்தியால் தொடலாகாது என்றும், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டுச் சென்றார். தெருவினர்க்குச் சினம் வந்தது. "வயிற்றைக் கிழித்துப் பார்க்காமல் நோய் என்னவென்று இவர் எப்படி அறிவார்? ஒரு துளி இரத்தம் என்ன சொல்லிவிடும்?" என்று வினவினர்.

அவ்வினா நியாயமான வினாவே. அதற்கு விடை தேடி யாம் சில திங்கள் படித்தோம். அறிந்தவரை நாடிக் கேட்டோம். விடை ஒரு சுண்டெலியிடம் இருந்தது.

சுரங்க மக்களுக்குச் சுண்டெலியின் பெருமை விளங்காத செய்தியன்று. 1890களில் இங்கிலாந்து நாட்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் மாண்டோரின் உடல்களை ஆராய்ந்தார். அவருள் பெரும்பாலோர் வெடிப்பினால் மாளவில்லை. அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுக்காற்றினால் மாண்டனர் எனக் கண்டார். அக்காற்று குருதியின் செம்பொருளைப் பற்றிக்கொள்ளும். குருதி செர்ரிப் பழம்போல் சிவந்துவிடும். மனிதர்க்கு முன்பே மயங்கி விழுந்து எச்சரிக்கத்தக்க சிற்றுயிரைச் சுரங்கத்துள் கொண்டு செல்லுங்கள் என்று அவர் அறிவுறுத்தினார். சுண்டெலியும் கனேரிக் குருவியும் அப்பணிக்கு வந்தன. காரணம் எளிது. சுண்டெலியின் நெஞ்சு நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் துடிக்கின்றது. நம் நெஞ்சு 70 அல்லது 80 முறை. மூச்சும் அவ்வாறே. நம் குருதியில் மெல்ல நிகழ்வது அதன் குருதியில் விரைந்து நிகழ்ந்து முடிகின்றது.

ஹால்டேனுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, கால்நடை நோயை அறியச் சுண்டெலியை நாடியவர் ராபர்ட் கோக் என்பார். அன்று ஜெர்மன் நாட்டிலும் இன்று போலந்து நாட்டிலும் அடங்கிய வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அவர் அரசு மருத்துவர். வயது முப்பதுக்குச் சற்று மேல். பல்கலைக்கழகப் பதவி இல்லை, ஆய்வகம் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் தம் வீட்டு அறையிலேயே ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு ஆராய்ந்தார். அப்பகுதியில் ஆடுகளும் மாடுகளும் திடீரென்று மாண்டுகொண்டிருந்தன. அந்நோய்க்கு ஆந்த்ராக்ஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் அதற்குக் கரி என்பது பொருள். மனிதனின் தோலில் அந்நோய் பற்றினால் கரிய பொருக்குத் தோன்றுவதால் வந்த பெயர் அது. நாம் அதனை அடைப்பான் என்கின்றோம். நம் கன்னட அன்பர்கள் நெரடி என்கின்றனர்.

இந்நோயால் இறந்த ஆட்டின் குருதியில் சிறு கோல்கள் காணப்படுவதை டவேன் முதலிய பிரெஞ்சு அறிஞர்கள் 1850ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். அக்கோல்கள் நோய்க்குக் காரணமா, நோயால் விளைந்தவையா என்பதே வழக்கு. கோக்கிடம் ஊசிக்குழல் இல்லை. மரச் சிராய்களைச் சூட்டில் வாட்டித் தூய்மை செய்துகொண்டார். இறந்த விலங்கின் குருதியில் தோய்த்தார். சுண்டெலியின் வாலடியில் சிறு கீறலிட்டு அதனுள் செருகினார். சுண்டெலி விரைவிலேயே மாண்டது. அறுத்துப் பார்த்தார். மண்ணீரல் பருத்துக் கருத்திருந்தது. குருதியிலும் மண்ணீரலிலும் அதே கோல்கள் மலிந்திருந்தன. அச்சுண்டெலியிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று 20 சுண்டெலிகள் வரை அந்நோயைக் கொண்டு சென்றார். இருபதாவது சுண்டெலியின் குருதியிலும் அதே கோல்கள். அதே கரிய மண்ணீரல். மாட்டின் உடலிலிருந்து வந்த வேறெந்த நச்சும் இருபது உடல்களைக் கடந்து நீர்த்துப் போகாமல் வந்திருக்க இயலாது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் உயிர் ஒன்றே அவ்வாறு வர இயலும்.

இனி, எம் தெருவினர் கேட்ட வினாவுக்கு வருகின்றோம். கோக்கின் ஊர்ப்புறத்து மேய்ப்பர்கள், சில மேய்ச்சல் நிலங்கள் சாபமுற்றவை என்றும் ஆண்டுகள் கழிந்தபின்னும் அங்கே மேய்ந்த ஆடு மாளும் என்றும் கூறிவந்தனர். குருதியில் உள்ள கோல்களோ சின்னாளில் அழிந்துவிடுகின்றன. அவ்வாறாயின் நிலத்தில் நோய் எங்ஙனம் தங்குகின்றது? மாட்டின் கண்ணிலுள்ள தெளிந்த நீரில் ஒரு துளியை எடுத்துக் கோல்களை அதிலிட்டு, இளஞ்சூட்டில் வைத்து, நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அவர் காத்திருந்தார். கோல்கள் நூல்போல் நீண்டன. பின்னர் அந்நூல்களுள் முத்துக் கோத்தாற்போல் ஒளிரும் மணிகள் தோன்றின. அவையே ஸ்போர் எனப்படும் வித்துகள். உலர்ந்தாலும் அவை மாளவில்லை. அவற்றைச் சுண்டெலிக்குள் செலுத்தியபோது மீண்டும் கோல்களாகி அதனைக் கொன்றன. 1876ஆம் ஆண்டு பிரெஸ்லாவ் நகரில் பெர்டினாண்டு கோன் என்னும் தாவரவியல் பேராசிரியர் முன்னிலையில் இவை அனைத்தையும் செய்து காட்டினார். அவ்வாண்டே ஆய்வுரை அச்சேறியது.

இதில் நமக்கு வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அவ்வித்துகள் உருவாகக் காற்று வேண்டும். அறுக்கப்படாத உடலினுள் காற்று இல்லை. ஆங்கே அழுகல் தொடங்கியவுடன் பிற நுண்ணுயிர்கள் பெருகி அக்கோல்களை மாய்த்துவிடுகின்றன. உடலைக் கிழித்துக் குருதியை மண்ணிலே சிந்தவிட்டாலோ, கோல்கள் காற்றைக் கண்டு வித்துகளாகி மண்ணில் உறங்கத் தொடங்குகின்றன. எவ்வளவு காலம் உறங்கும்? 1942ஆம் ஆண்டு, போர்க்காலத்தில், ஸ்காட்லாந்தின் கரையோரம் உள்ள குருய்னார்டு என்னும் சிறு தீவில் ஆடுகளைக் கட்டி வைத்து இவ்வித்துகளை வெடிகுண்டின் வாயிலாகத் தூவிப் பார்த்தனர். ஆடுகள் மாண்டன. அத்தீவில் மனிதர் காலெடுத்து வைத்தல் தடுக்கப்பட்டது. 1986இல் கடல்நீரோடு பார்மால்டிஹைடு கலந்து நிலத்தை நனைத்துத் தூய்மை செய்து, 1990ஆம் ஆண்டிலேதான் தடையை நீக்கினர். இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள்.

கால்நடை மருத்துவர் கத்தியை எடுக்காமல் சென்றதன் பொருள் இதுவே. நோயை அறியும் ஆவலில் உடலைக் கிழித்தால், ஒரு பசுவோடு முடிந்திருக்க வேண்டிய நோய், நம் பேரப்பிள்ளைகளின் ஆடு மேயும் நிலம் வரை தொடரும்.

ஒரு துளிக் குருதி என்ன சொல்லும் என்ற வினாவின் மறுபாதி எஞ்சி நிற்கின்றது. யாம் கணக்கர், ஆதலின் குருதியை ஒரு கணக்கேடாகவே எண்ணிப் பார்த்தோம். நலமுள்ள சுண்டெலி 25 கிராம் எடை இருக்கும். அதன் உடலிலுள்ள குருதி முழுவதும் 2 மில்லிலிட்டரை எட்டாது. ஒரு தேக்கரண்டியில் பாதியும் நிரம்பாது. ஆனால் அதனுள் அடங்கிய கூட்டத்தைப் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டரில், அதாவது ஒரு மில்லிலிட்டரை ஆயிரம் பங்காக்கி எடுத்த ஒரு பங்கில், செவ்வணுக்கள் 80 லட்சம் முதல் 1 கோடி வரை இருக்கின்றன. நம்மிடம் ஏறத்தாழ 50 லட்சம். குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் அதனிடம் 10 லட்சம் அளவில். நம்மிடம் ஒன்றரை முதல் நான்கு லட்சம். வெள்ளணுக்களில் முக்கால் பங்கு நிணவணுக்கள். நம்மிடமோ கிருமியை விழுங்கும் வேறு வகை வெள்ளணுக்களே மிகுதி. ஆகவே சுண்டெலியின் ஏட்டை மனிதனின் கட்டத்தில் வைத்துக் கூட்டினால் கணக்குத் தவறும். ஒரு கோட்டத்துக் கட்டண விகிதத்தைக் கொண்டு மற்றொரு கோட்டத்துச் சரக்குக்குச் சீட்டு எழுதினாற்போல் ஆகும்.

நோய் புகுந்தபின் இவ்வேட்டில் நிகழும் மாற்றம் வியப்பும் அச்சமும் தருவது. முதலில், மழைக்காலத்தில் நம் பகுதிக் கால்நடைகளை வாட்டும் தொண்டை அடைப்பானை எடுத்துக்கொள்வோம். பெயரில் அடைப்பான் என்று இருப்பினும் இது வேறு நோய். பாஸ்டுரெல்லா என்னும் வேறு நுண்ணுயிரால் வருவது. இந்நுண்ணுயிரில் ஒரு சிலவற்றைச் செலுத்தினாலே சுண்டெலி ஓரிரு நாளில் மாண்டுவிடும், அவ்வளவு கொடியது. இதன் மேலுறையிலுள்ள நச்சு குருதியில் கலந்தவுடன் வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் குறைகின்றன. அவை மாண்டுவிட்டன என்று கருதற்க. அவற்றுள் பல குருதியோட்டத்தை விட்டு நீங்கி நுரையீரல் முதலிய உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. தட்டணுக்களும் குறைகின்றன. குழாய்களின் உள்ளேயே ஆங்காங்கே குருதி உறைய முற்படுவதால் உறைதற்குரிய பொருள்கள் செலவழிந்துபோகின்றன. உண்மையில் உறைய வேண்டிய இடத்தில் உறைவதற்குக் கையிருப்பு இல்லை. ஆகவே நெஞ்சின் மேலுறையிலும் தோலின் அடியிலும் செம்புள்ளிகளாகக் குருதி கசிகின்றது. குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் வெளியேறுகின்றது. மாட்டின் தொண்டை வீங்குவது அந்நீரால்தான்.

அடைப்பானில் கதை வேறு. அந்நுண்ணுயிர் தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான உறையைப் போர்த்திக்கொள்கின்றது. விழுங்க வரும் வெள்ளணுவால் அதனைப் பற்ற இயலவில்லை. இறக்குந் தறுவாயில் சுண்டெலியின் குருதி ஒரு மில்லிலிட்டரில் அக்கோல்கள் கோடிக்கணக்கில் நிரம்பிவிடுகின்றன. அவ்வளவு பெருங்கூட்டம் வழியை அடைத்துக்கொள்வதாலேயே விலங்கு இறக்கின்றது என்று நெடுநாள் எண்ணியிருந்தனர். 1954ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹாரி ஸ்மித், ஜேம்ஸ் கெப்பி என்னும் இருவர் சீமைப் பெருச்சாளி எனப்படும் கினிப்பன்றிகளில் ஆராய்ந்து வேறோர் உண்மையைக் கண்டனர். நோய் முற்றியபின் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் நுண்ணுயிர்களை அறவே ஒழித்தாலும் விலங்கு பிழைக்கவில்லை. குருதிநீரிலேயே ஒரு நச்சு தங்கியிருந்து கொன்றது. திருடனைப் பிடித்தபின்னும் அவன் வைத்த தீ எரிந்துகொண்டிருந்தது எனலாம். மாடாயினும் மனிதராயினும் மருத்துவத்தைத் தொடக்கத்திலேயே தேடவேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்றை யாம் கண்டிலோம்.

அறிஞர் கூற்றை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டு தலையசைப்பது எம் இயல்பன்று. சுண்டெலியில் கண்டது மாட்டுக்கும் பொருந்துமோ என்று யாம் ஐயுற்றோம். ஐயம் சரியே என்று பின்னர் அறிந்தோம். அடைப்பானில் நச்சைத் தடுக்கும் தடுப்பூசி பல விலங்குகளைக் காக்கின்றது. சுண்டெலியையோ அவ்வளவாகக் காப்பதில்லை. நச்சே உண்டாக்காத, உறை மட்டும் உடைய வகையும் சுண்டெலியைக் கொன்றுவிடுகின்றது. அதனால் அடைப்பான் தடுப்பூசி ஆய்வில் கினிப்பன்றி, முயல், குரங்கு ஆகியவற்றின் சான்றையும் கேட்கின்றனர். தொண்டை அடைப்பானிலோ சுண்டெலி தக்க சான்றாக நிற்கின்றது. தடுப்பூசியின் ஆற்றலைச் சுண்டெலிகளிலேயே சோதித்துப் பார்க்கும் முறை உண்டு. ஒரே சாட்சி ஒரு வழக்கில் நம்பத்தக்கவனாகவும் மற்றொரு வழக்கில் நம்பத்தகாதவனாகவும் இருத்தல் உலகியலிலும் காண்பதே.

மருத்துவர் கண்ணாடிச் சில்லில் தடவிச் சென்ற துளிக்கு இனி வருவோம். 1903ஆம் ஆண்டு லண்டனில் மக்பேடியன் என்னும் கால்நடை மருத்துவப் பேராசிரியர், பழைய மெத்திலீன் நீலச் சாயத்தைக் குருதித் தடவலின்மேல் இட்டால், அடைப்பான் கோல்கள் நீலமாகவும் அவற்றைச் சூழ்ந்த உறை இளஞ்சிவப்பாகவும் தெரியும் என்று காட்டினார். இன்றும் அம்முறை வழக்கிலிருக்கின்றது. தொண்டை அடைப்பானாயின் சாயம் நுண்ணுயிரின் இரு முனைகளிலும் ஏறி நடுவில் வெளிறி நிற்கும். எம் தெருப் பசுவின் துளியில் கண்டது இரண்டாவது வகை, தொண்டை அடைப்பான். அடுத்த வாரமே தெருவிலிருந்த மற்ற மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி இடப்பட்டது. கிழித்துப் பார்த்திருந்தால் இதைவிட விரைவாக அறிந்திருக்க இயலாது.

நம் நாட்டில் இத்துறையின் வரலாறு சிறிதன்று. 1889ஆம் ஆண்டு புனாவில் தொடங்கி 1893இல் இமயமலைச் சாரலின் முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்ட நுண்ணுயிர் ஆய்வகமே இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் வித்து. கோக் அவர்களே 1897இல் அங்கு வந்து சென்றார். மைசூர் அரசு 1925இல் பெங்களூரில் நிறுவிய ஊநீர் நிலையம் இன்று எப்பாலில் கால்நடை நலம் மற்றும் உயிர்மருந்து நிறுவனமாக நடைபெறுகின்றது. 1932இல் நம் முன்னோர் பலரின் சொந்த மாவட்டமான வட ஆர்க்காட்டின் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்று எழுந்தது. எப்பால் நிலையம் எழுந்ததே வெக்கை நோயை ஒழிப்பதற்காக. அவ்வெக்கை நோய் 2011ஆம் ஆண்டு உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. அடைப்பானை அவ்வாறு ஒழிக்க இயலாது. வெக்கை நோய் மாட்டினின்று மாட்டுக்குத் தாவி வாழ்ந்தது. தாவ மாடு கிடைக்காதபோது அழிந்தது. அடைப்பானோ மண்ணில் காத்திருக்கின்றது. 1937இல் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பார் உறையற்ற வகை ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து ஆக்கப்படும் தடுப்பூசியே இன்றளவும் உலகெங்கும் கால்நடைகளுக்கு இடப்படுகின்றது. ஆயினும் ஆண்டுதோறும் இட வேண்டும். ஒருமுறை இட்டு மறந்துவிடும் காரியமன்று.

இவ்விடத்தில் சொல்லாமல் விடலாகாத ஒன்றைச் சொல்லுகின்றோம். கோக் தம் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்த ஆண்டு 1876. நம் மண்ணில் ஜான் டெய்லர் குழுமத்தார் சுரங்கம் தோண்ட வந்த ஆண்டு 1880. அவ்விரு செய்திகளுக்கும் தொடர்பில்லை என்று நீங்கள் கருதலாம். ஆனால் அச்சுரங்கத்திற்கு வந்து சேர்ந்த நம் பாட்டன்மார் யாவர்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளின் ஊர்ச்சேரிகளிலிருந்து வந்தவர் பெரும்பாலோர். அவ்வூர்களில் செத்த மாட்டை இழுத்துச் செல்வதும், உரிப்பதும், புதைப்பதும் யார்மீது சுமத்தப்பட்டிருந்தன என்பதை இவ்வவையில் விளக்க வேண்டுவதில்லை. அடைப்பான் வந்த மாட்டின் தோலை உரிக்கும் கையில் சிறு கீறல் இருந்தாலும் அந்நோய் மனிதனைப் பற்றும். வலியற்ற ஒரு கொப்புளம் எழும். நடுவில் கரிய பொருக்குத் தோன்றும். மருந்தின்றி விட்டால் ஐவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும். பென்சிலின் போன்ற மருந்தைக் காலத்தே பெற்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வர். அந்த இறைச்சியை உண்டாலோ, தோல், மயிர் ஆகியவற்றின் தூசியோடு வித்துகளை மூச்சில் இழுத்தாலோ கேடு இன்னும் பெரிது. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் கம்பளி மயிர் பிரிக்கும் தொழிலாளர் இவ்வாறே மாண்டனர். 1880ஆம் ஆண்டை ஒட்டி அங்கு ஒரு மருத்துவர் காரணத்தைக் கண்டு கூறியபின் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு விதிகள் வந்தன. நம் சேரிகளில் எத்தனை பேர் "கைப்புண் ஆறாமல் காய்ச்சல் கண்டு" மாண்டனர் என்பதற்கு ஏடு இல்லை. கட்டாயத்தைச் சுமத்தியவர் எவரும் ஆபத்தைச் சொல்லவில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1990களில் தம்மிடம் வந்த அடைப்பான் நோயாளிகளைப் பற்றி எழுதி, தென்னிந்தியாவில் இந்நோய் ஓயவில்லை என எடுத்துக்காட்டினர். வங்காரப்பேட்டையிலிருந்து குப்பம், சோலையார்பேட்டை வழியாக வாணியம்பாடி, ஆம்பூர் செல்லும் இருப்புப்பாதை முழுவதும் கால்நடையும் தோலும் சார்ந்த தொழில்கள் நிறைந்த பாதை. அப்பாதையின் இரு புறமும் நம் உறவினர் இருக்கின்றனர்.

வெள்ளாடு வளர்ப்போர்க்கு ஒரு சொல். ஆட்டின் தாடையடியிலோ தோள்முன்போ கட்டி தோன்றிச் சீழ் பிடிக்கும் நோயை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவும் ஒரு நுண்ணுயிரின் செயலே. அது விடும் நச்சு அணுக்களின் மேலுறையில் உள்ள கொழுப்பைச் சிதைத்து, குருதிக்குழாய்ச் சுவரைக் கசியச் செய்கின்றது. அவ்வழியே நோய் கட்டியினின்று கட்டிக்குப் பரவுகின்றது. மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழகத்தார் இந்நோயையும் தொண்டை அடைப்பானையும் சுண்டெலிகளுக்கு உண்டாக்கிக் குருதி மாற்றங்களை அளந்து வெளியிட்டுள்ளனர். கட்டியை வீட்டில் கீறிச் சீழைத் தொழுவத்திலேயே ஊற்றுதல் கூடாது. இதனை விரித்தால் பொழுது போதாது.

சுண்டெலியை வதைத்துப் பெற்ற அறிவு நமக்கு வேண்டுமோ என்று தாய்மார் சிலர் எம்மிடம் கேட்டனர். எளிதில் விடை சொல்லத்தக்க வினா அன்று அது. நம் ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் உறுப்பினராயிருந்து விலங்கு வதைத் தடுப்புக்காக மசோதா கொணர்ந்ததும், அம்முயற்சியின் பயனாக 1960இல் சட்டம் பிறந்ததும் நீங்கள் அறிந்ததே. அச்சட்டத்தின் கீழ், 1998இல் வகுத்த விதிகளின்படி, இன்று ஆய்வகத்தில் ஒரு சுண்டெலியைத் தொடுவதற்கும் ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டும். எத்தனை சுண்டெலி, எதற்காக, நோவைக் குறைக்க என்ன வழி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கோக் காலத்தில் இவை இல்லை. அவர் இருபது சுண்டெலிகளில் கண்டறிந்ததை மீண்டும் ஒருவர் இருநூறு சுண்டெலிகளில் கண்டறிய முற்படுவாராயின் அதனை யாம் அறிவென்று ஒப்புக்கொள்ள மாட்டோம். முதல் இருபதை வீண் என்று சொல்லவும் எமக்கு மனம் வரவில்லை. பிராட்போர்டுத் தொழிலாளியையும் நம் பாட்டனையும் எண்ணும்போது வரவில்லை.

இறுதியாக, நம் மகளிர் கேட்டபடி, செய்ய வேண்டியதைச் சொல்லி அமைகின்றோம். முதல்நாள் நலமாயிருந்த மாடோ ஆடோ மறுநாள் இறந்து கிடந்து, வாய், மூக்கு, எருவாய் ஆகியவற்றில் உறையாத கருங்குருதி கசியுமாயின், அவ்வுடலை அறுக்கவும் உரிக்கவும் கூடாது. இழுத்துச் சென்று சயனைடு மேட்டின் ஓரத்திலோ ஏரிக்கரையிலோ எறியவும் கூடாது. நாயும் காக்கையும் அண்டாமல் காவல் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஆளனுப்ப வேண்டும். அவர் காதில் ஒரு துளி எடுத்துச் சென்றபின், கிடந்த இடத்துக்கு அருகிலேயே ஆறடி ஆழத்திற்குக் குறையாத குழி தோண்டி, சுட்ட சுண்ணாம்பைக் கீழும் மேலும் இட்டுப் புதைத்து, சுற்றிலும் முள் இட்டு மறிக்க வேண்டும். குருதி சிந்திய வைக்கோலையும் மேல்மண்ணையும் உடன் புதைக்க வேண்டும். தொட்டவர் கைகளைச் சோப்பிட்டு நன்கு கழுவுதல் வேண்டும். ஒரு வாரத்துள் கையில் கரிய பொருக்கோடு கொப்புளம் தோன்றினால், மாடு செத்த செய்தியையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். சொல்லாவிடின் அவர் வேறு நோயென எண்ணக்கூடும்.

எம் தெரு அம்மையார்க்குத் தெருவினர் சேர்ந்து சிறு தொகை திரட்டிக் கொடுத்தனர்; தோலுக்கும் இறைச்சிக்கும் அவ்விருவர் பேசிய விலையைவிட அது சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அத்தகைய நிதி ஒன்றை நம் சங்கமே ஏற்படுத்தலாமா என்று செயற்குழுவிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கின்றோம். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் கூறியுள்ளார்.